நாயனப் பெட்டியின் பூட்டு

ஆகஸ்ட் 29, வெள்ளி. கம்பெனி வரலாற்றில் எங்கள் முதல் தயாரிப்பு தவில் உறை என்று நேற்று எழுதிவிட்டேன். தவறு. பூட்டு வைத்த நாயனப் பெட்டிதான் முதலில் வந்தது. தவில் உறை, கிடார் பை எல்லாம் பிறகு. காலையில் அதைத் திருத்திக்கொண்டிருந்தபோது வாசலில் சத்தம்.

“எங்க ஒங்க மொதலாளி?”

நாயனக்காரர் எரியோடு ஆண்டிச்சாமி, எங்கள் பழைய வாடிக்கையாளர். பூட்டிய பெட்டியை என் மேசைமேல் தொம்மென்று வைத்தார். பின்னாலேயே அவர் மனைவி மாயம்மாள்.

முதலாளி ஆவுடையப்பன் எழுந்து வந்தார். “வாங்கண்ணே, உக்காருங்க.”

“ஒக்காரவா வந்தேன்? நேத்து வத்தலக்குண்டுல கல்யாணம். சாவியப் போட்டா ஒங்க பூட்டு தெறக்கல. ஒடைச்சா உள்ள நாயனம் பொளந்துரும். கெட்டிமேளம்னு சொன்னதும் எவனோ செல்போன்ல நாயனத்த வச்சு ஸ்பீக்கர்ல போட்டான். நான் பெட்டிய மடியில வச்சுக்கிட்டு வேடிக்கை பாத்தேன்!”

“மண்டபமே சிரிச்சுச்சு!” மாயம்மாள் அவரைவிடச் சத்தமாகக் கத்தினார். “எம் புருசன் மானத்த வாங்கத்தான் பூட்டு செய்றீகளா? இந்தத் தகரத்துக்கு இம்புட்டு வெலையா?”

முதலாளிக்கு முகம் சிவந்தது. “எங்க பூட்டு அப்படி ஆகாதும்மா.”

“ஆகாதா? அப்ப நாங்க பொய் சொல்றோமா?”

ஆண்டிச்சாமி என் பக்கம் திரும்பினார். “நீ என்ன எழுதுற, ஆத்தா?”

“கம்பெனி வரலாறுங்க. ஐம்பதாவது வருட மலருக்கு.”

“படி, கேப்போம்.”

என் கெட்ட நேரம், கண்ணில் பட்ட வரியைப் படித்துவிட்டேன். “ஐம்பது வருடத்தில் எங்கள் பூட்டு ஒன்றுகூட யாரையும் கைவிட்டதில்லை.”

“அடிச்சுப் போடு அத! ஆண்டிச்சாமியக் கைவிட்டுச்சுன்னு எழுது. எழுதாம நான் எடத்த விட்டு நகர மாட்டேன்.”

“அது எங்கப்பா சொன்ன வரி.” முதலாளி குரலும் ஏறியது. “ஒரு எழுத்து மாறாது. பூட்டக் கழட்டிப் பாத்தா தெரிஞ்சிரும், தப்பு யாருதுன்னு. நீயும் வாம்மா, பாத்து எழுது.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குள் போனார்.

“நீங்க இங்கனயே இருங்க. என்ன தில்லுமுல்லு பண்றாகன்னு நான் பாத்துட்டு வாரேன்!” புருஷனிடம் சொல்லிவிட்டு மாயம்மாளும் எங்கள் பின்னால் வந்தார்.

முதலாளி திருப்புளியை எடுத்தார். மாயம்மாள் கதவைச் சாத்தினார். குரல் சட்டென்று இறங்கியது.

“அதுல கைய வைக்காதீக. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

இடுப்பில் செருகியிருந்த பர்ஸிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினார்.

“பூட்டு நல்லாத்தான் இருக்கு. நாந்தான் சாவிய மாத்தி வச்சேன். வயித்துல ஆப்பரேசன் பண்ணி இன்னும் உள்தையல் ஆறல. ரெண்டு மாசத்துக்கு மூச்சப் பிடிச்சு ஊதுனா உசிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அந்த மனுசன் கேட்டாத்தான?”

முதலாளி சாவியை வாங்கவில்லை. திருப்புளியைக் கீழே வைத்தார். வெளியே போய் ஆண்டிச்சாமி முன் கை கூப்பினார்.

“பூட்டு பழுதுதாண்ணே. சரி பண்ண ரெண்டு மாசம் ஆகும். பெட்டி இங்கயே இருக்கட்டும்.”

“பாத்தீகளா, நான் சொல்லல?” மாயம்மாள் மறுபடியும் ஏசத் தொடங்கினார்.

நாளை: அந்த வரியை அடித்துவிட்டு, எங்கள் பூட்டு எரியோடு ஆண்டிச்சாமியைக் கைவிட்டது என்று வரலாற்றில் எழுத வேண்டும்.