ஒற்றை சீட் வண்டி

வண்டி துள்ளி, இருமி, நின்றுவிட்டது. அருள்பாண்டியும் அவன் மனைவி ரேணுகாவும் அதைத் தள்ளிக்கொண்டு கோவிலூர்ப் பொட்டலின் ஓரத்துக்கு வந்தபோது, காரை நிறுத்திவிட்டு முத்துவீரன் இறங்கிக்கொண்டிருந்தார்.

பள்ளத்தூர்க்காரர். சிங்கப்பூரில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். பழைய பைக்கை வெட்டி அருள்பாண்டி கட்டிய கஃபே ரேசரைப் பற்றிக் கேள்விப்பட்டு, தனக்கும் ஒன்று செய்யச் சொல்ல அவனுடைய கோட்டையூர்ப் பட்டறைக்குப் போயிருக்கிறார். அங்கே விசாரித்து இங்கே வந்துவிட்டார்.

தாழ்ந்த ஹேண்டில்பார், ஒற்றை சீட், நீளமான பச்சை டேங்க். காயலான் கடைக்குப் போகவேண்டியிருந்த வண்டி என்று யாரும் சொல்லமாட்டார்கள். வெட்டியது, வெல்டிங் வைத்தது, பெயிண்ட் அடித்தது எல்லாம் அருள்பாண்டி.

முத்துவீரன் டேங்கைத் தடவினார். பிறகு ரேணுகாவைப் பார்த்தார்.

"வீட்டுக்காரவுகளுக்கு ஓட்டச் சொல்லிக்குடுக்குறீகளாக்கும்?"

"ஆமாண்ணே" என்றான் அருள்பாண்டி.

சொன்ன பிறகுதான் அவள் பக்கத்தில் நிற்பது உறைத்தது.

ரேணுகா கல்லூரியில் படிக்கும்போதே அப்பாவின் புல்லட்டை ஓட்டியவள். அவனுக்கு எந்த வண்டியையும் பிரித்து மாட்டத் தெரியும். ஓட்டத்தான் பயம். கட்டிய வண்டியையாவது ஓட்டிவிடவேண்டும் என்று, ஆள் நடமாட்டமில்லாத இந்தப் பொட்டலில் ஒரு வாரமாக அவளிடம் கற்றுக்கொண்டிருந்தான்.

"எங்க, ஒரு ரவுண்டு போகச் சொல்லுங்க, பாப்போம்."

அவன் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு ரேணுகா ஏறினாள்.

அருள்பாண்டி தரையைப் பார்த்தான். ஒரே வீச்சில் பொட்டலைச் சுற்றிவந்து நிற்பாள். எல்லாம் தெரிந்துபோகும். போகட்டும் என்றுகூட இருந்தது.

அவள் கிளட்சைச் சட்டென்று விட்டாள். வண்டி ஒரு முழம் துள்ளி அணைந்தது. பயந்தவள் போலக் காலை அகட்டி ஊன்றிக்கொண்டாள்.

முத்துவீரன் சிரித்தார்.

"பட்டுன்னு விடக் கூடாதுத்தா. பைய விடணும்."

"சரிங்கண்ணே" என்று தலையாட்டினாள்.

அருள்பாண்டியும் கூடச் சிரித்தான். அந்தச் சத்தம் அவனுக்கே கேட்கச் சகிக்கவில்லை.

தனக்கும் இதே மாதிரி ஒன்று வேண்டும் என்று சொல்லிவிட்டு முத்துவீரன் கிளம்பினார்.

கார் மறைந்ததும் ரேணுகா இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றி அவன் தலையில் மாட்டி, தாடைக்குக் கீழே வாரை இறுக்கினாள்.

"ஏறுங்க."

வெயில் சாய்ந்துவிட்டது. தூசியும் இல்லை. இருந்தும் அவன் ஹெல்மெட் கண்ணாடியை முகத்துக்கு இறக்கிக்கொண்டுதான் ஏறினான்.