ஏழாவது ஆள்

"ரெண்டு நிமிஷம்க்கா, ஏழாவது ஆள் வந்துருவான்" என்று சொல்லிவிட்டு, பவித்ரன் கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்று மறுபடியும் போனைக் காதில் வைத்தான். மணி ஐந்தாகப் போகிறது. கார்ன்வெல் தோட்டத்து 'பி' அணியில் அவனையும் சேர்த்து வந்திருந்தது ஆறு பேர்.

கால்பந்தில் குறைந்தது ஏழு பேராவது இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்க முடியாது. ஆள் இல்லாமலே தோற்பதற்கு வாக்ஓவர் என்று பெயர். ஒரே ஆண்டில் மூன்று வாக்ஓவர் ஆனால் அணியை லீக்கிலிருந்தே தூக்கிவிடுவார்கள்.

"தர்மா, எங்க இருக்க?"

"சோரி மச்சான். ஓவர்டைம் போட்டுட்டாங்க லா. அடுத்த வாரம் கண்டிப்பா வாரேன்."

போன வாரமும் இதையேதான் சொன்னான். கோகிலன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். கொஞ்சம் நன்றாக ஆடிய இரண்டு பேரை ஈப்போவில் ஆடும் 'ஏ' அணி கூப்பிட்டுக்கொண்டது. அங்கே அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

திடல் ஓரத்தில் கலாதேவி அக்கா தன் பழைய காரின் பின்கதவைத் திறந்து, பார்லித் தண்ணீர் வாளியையும் பிரட்டிய மீகூன் சேமியாப் பாத்திரத்தையும் இறக்கிக்கொண்டிருந்தார். அணியின் மேனேஜர் அவர்தான். மூன்று வருடங்களுக்கு முன் இறந்த அவருடைய கணவர் ஜெயபாலன் அதுவரை பார்த்த வேலை அது. பிள்ளைகள் இல்லை. கையுறைத் தொழிற்சாலையில் ஆறு நாள் வேலை பார்த்துவிட்டு வந்து, பதினாறு ஜெர்சிகளையும் துவைத்து இஸ்திரி போட்டுக் கொண்டு வருவார்.

காம்பாரிலிருந்து வந்த அணியின் கேப்டன் விக்னேஸ்வரன் மெதுவாக இந்தப் பக்கம் நடந்து வந்தான். பவித்ரனோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்பவன்.

"எத்தன பேரு?"

"ஆறு."

"எங்க ஆள் ஒருத்தன எடுத்துக்க. நாங்க ஒம்பது பேரு இருக்கோம்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "எத்தன நாளைக்கு மச்சான் இப்படி? அந்த அக்காகிட்ட சொல்லிரு. அடுத்த வாரம் நான் ஜோகூருக்கு மாறிப் போறேன். இவனுங்களக் கூட்டிட்டு வர ஆள் இருக்காது."

பவித்ரன் திரும்பி அக்காவைப் பார்த்தான்.

மூன்றாவது வாக்ஓவர் மார்ச் மாதமே முடிந்துவிட்டது. லீக்கிலிருந்து போன் செய்து, இனி 'பி' அணி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதைச் சொல்லத்தான் அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போனான். அவர் தனியாக உட்கார்ந்து ஜெர்சிகளை மடித்துக்கொண்டிருந்தார். "இந்த சனிக்கிழமை காம்பார் டீம்கூட ஆட்டம்க்கா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அவனே ஆள் பிடித்தான். எதிரணி விக்னேஸ்வரனின் கூட்டாளிகள். நடுவர் லாரி ஓட்டும் சீனி. விசிலையும் கறுப்புச் சட்டையையும் பவித்ரன்தான் வாங்கிக் கொடுத்திருந்தான்.

முன்பெல்லாம் ஆட்டம் முடிந்ததும் லீக் பட்டியலில் எத்தனையாவது இடம் என்று அக்கா கேட்பார். இப்போது கேட்பதில்லை. நல்லவேளை என்று நினைத்துக்கொள்வான்.

இந்தச் சனிக்கிழமை ஆட்டமும் இல்லாவிட்டால் பாவம், அக்கா என்ன செய்வார்? அதை நினைத்துத்தான் ஐந்து மணி ஆட்டத்துக்கு இரண்டு மணிக்கே வந்து, வெயிலில் தனியாகச் சுண்ணாம்புக் கோடு போட்டான். பெர்ச்சாமில் தன் வாடகை அறையில் உட்கார்ந்துகொண்டு மட்டும் என்ன செய்வது? அம்மா இறந்த பிறகு அங்கே அவனிடம் பேசுவதற்கு ஆளில்லை.

சீனி விசில் ஊதினான். ஐந்துக்கு ஒன்று என்று தோற்றார்கள். அந்த ஒரு கோலையும் இரவல் வந்த காம்பார்க்காரன்தான் அடித்தான். அக்கா எழுந்து நின்று கைதட்டினார்.

சாப்பிட்டு முடித்ததும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மோட்டார் சைக்கிள்களின் சத்தம் செம்பனை மரங்களுக்குள் போய்த் தேய்ந்தது. காம்பார் வேனும் போய்விட்டது. அத்தனை பெரிய திடலில் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள்.

"அக்கா, ஒன்னு சொல்லணும்."

"சொல்லு பவி." அவர் அழுக்கு ஜெர்சிகளைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார்.

"நம்ம டீம் லீக்ல இல்லக்கா. மார்ச்சுலயே தூக்கிட்டாங்க. இந்த ஆட்டமெல்லாம்... நானா ஆள் சேத்து நடத்துனது. ஒங்ககிட்ட சொல்ல மனசு வரல."

அக்காவின் கை நிற்கவில்லை. கடைசி ஜெர்சியையும் உள்ளே வைத்துப் பையின் வாயைக் கட்டினார்.

"தெரியும்."

பவித்ரன் அவரையே பார்த்தான். "எப்படிக்கா?"

"மேனேஜர் நான்தான? ஒனக்குப் பண்றதுக்கு முந்தியே எனக்குப் போன் பண்ணிட்டாங்க."

"இத்தன மாசமாத் தெரியுமா?" என்றான் அவன். "அப்புறம் ஏன்க்கா துவைச்சி, சமைச்சி, இவ்ளோ தூரம் வந்தீங்க? ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே."

அக்கா காரின் பின்கதவைச் சாத்திவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

"சொல்லியிருந்தா, சனிக்கிழமையானா நீ எங்க போவ?"