கம்பி சிவக்கும் வரை

காலை ஆறு மணிக்குச் சாந்தகுமார் பல் துலக்கி, பால் வாங்கி வைத்து, காரின் கண்ணாடியில் படிந்த பனியைத் துடைக்கிறான். பெட்ரோல் கட்டுப்படியாகாது என்று டீசல் மாடலாகப் பார்த்து வாங்கிய பெரிய கார். வீட்டுக்குள்ளிருந்து மாமியார் கிருபாவதி அலறுகிறாள். அடுத்த நிமிடம் நிறைமாத மனைவி யூனிஸ் பின்சீட்டில் கிடக்கிறாள், இரத்தம் நிற்கவில்லை. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். சித்தூர்க் குளிரில், டீசல் இன்ஜினைச் சூடாக்கும் ஹீட்டர் கம்பி நன்றாகச் சிவந்தால்தான் இன்ஜின் பிடிக்கும். அவன் அவசரத்தில் முன்னதாகவே ஸ்டார்ட் செய்துவிடுகிறான். இன்ஜின் இருமி அடங்குகிறது. "டீசல்ல மிச்சம் புடிச்சது போதுங்க மாப்ளே, பொண்ணு துடிச்சிக்கினு கீறா!" அவன் ஹீட்டர் பட்டனை மறுபடி அழுத்திப் பிடிக்கிறான். கம்பி மெதுவாகச் சிவக்கிறது. வேலூர் வழியில் குடிபாலா ஊரைத் தாண்டுவதற்குள் மூச்சு நிற்கப்போகிற யூனிஸ், ஜன்னல் வழியே வாசலைப் பார்த்துக் கடைசியாகச் சொல்கிறாள்: "கேட்டைச் சாத்துங்க, ஆடு பூந்துடும்."