சட்டி ஓடும் பல்லும்

ஒரே குழியில் ஆயிரக்கணக்கான வருஷம் புதைந்திருந்த ஒரு சட்டியின் உடைந்த ஓடும் ஒரு பெண்ணின் பல்லும் ஆய்வுக்கூடத் தட்டில் கிடந்தன.

"உன்னைச் சுரண்டிட்டாங்களா?" என்று பல் கேட்டது.

"ஆச்சு. எனக்குள்ள ஊறின மான் கொழுப்பு இன்னும் இருக்காம்!" என்றது ஓடு. "அடுத்து நீதான். நீ என்ன தின்னேன்னு துளைச்சுப் பார்த்துச் சொல்லிருவாங்க."

பல் கேட்டது: "ஏதாவது குறையாத் தெரிஞ்சா நம்ம வீட்டைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"நம்ம வீட்டுல கறிக்கு என்ன பஞ்சம்? சும்மா இரு."

துளைத்தார்கள். பல்லில் கிழங்கும் புல்லரிசியும் தின்ற தடயம்தான் இருந்தது, கறி தின்ற தடயமே இல்லை.

"இந்தப் பொம்பளை இந்தச் சட்டி இருந்த வீட்டு ஆள் இல்லை" என்று சொல்லி, ஆய்வாளர் இரண்டையும் வேறு வேறு பெட்டியில் வைத்தார்.

"என்னை அடுப்புல ஏத்தினவளே இவதான்யா!" என்று ஓடு கத்தியது. அவருக்குக் கேட்கவில்லை. மூடி இறங்குமுன் அது பல்லைப் பார்த்து, "ஒரு துண்டுகூடவா தின்னலை?" என்றது.

"எல்லாருக்கும் போட்டு முடிச்சதும் நீ காலியாயிருவே" என்றது பல். "நான் சாப்பிட்டாச்சுன்னு சொல்லிட்டு உன்னைக் கழுவப் போயிருவேன்."