இரண்டு சக்கரமும் இழுக்கிற வண்டி

"ஊருக்குன்னு வந்த வண்டி அக்கா. அதை ஒரே ஆளு ஓட்டிக்கிட்டுத் திரியறாரு. நீங்களும் பேசாம இருக்கீங்க."

நர்ஸ் தைசியாவின் குரல் ஊராட்சி அலுவலகத்துக்கு வெளியே வரை கேட்டது. தலைவி க்ளாவ்தியா தேநீரை நகர்த்தி வைத்தாள். எதிரே சேறு காயாத பூட்ஸோடு வனக்காவலர் யெஃபீம்.

காடும் சதுப்பும் சூழ்ந்த பெச்சோரா ஆற்றங்கரையில் இருந்த அந்த ஊருக்கு ஒரு மோட்டார் சைக்கிள் கிடைக்கும் என்றபோது தைசியா கேட்டது சாதாரண வண்டி. யெஃபீம்தான் பிடிவாதம் பிடித்து, முன்சக்கரமும் பின்சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டியை வரவழைத்துவிட்டார்.

"முப்பத்தஞ்சு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாது. ஸ்பிரிங் கிடையாது, முதுகு விட்டுப்போகுது. ஹேண்டிலைத் திருப்பறதுக்குள்ள கை கழண்டுடும். நெஞ்சுவலிக்காரனை இதுல ஏத்தினா ஆஸ்பத்திரிக்கு வேணாம், நேரா கல்லறைக்கே போயிடலாம்" என்றாள் தைசியா.

"அத்தனையும் சரிதாம்மா" என்றார் யெஃபீம். "ஆனா சதுப்புல உன் சாதா வண்டி பின்சக்கரத்தால குழி தோண்டிக்கிட்டு நிக்கும். இது முன்னாலயும் இழுக்குது. விழுந்து கிடக்கிற மரத்து மேலகூட ஏறி இறங்கிடும்."

"சதுப்புக்கு அந்தப் பக்கம் யாரு இருக்கா, உங்களுக்கு?"

"ஒருத்தர் இருக்காரே."

தைசியாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அந்தக் குடிகாரனா? பொண்டாட்டியைப் புதைச்ச அன்னிக்குக்கூட நிதானத்துல இல்லாத மனுஷன். இங்க இருநூறு பேர் இருக்கோம். அந்த ஒரு ஆளுக்காகவா ஊர் வண்டி?"

"இப்பக் குடிக்கிறதில்லை. கண்ணு ரெண்டும் மங்கிப்போச்சு. வாரத்துக்கு ரெண்டு தடவை ரொட்டியும் மாத்திரையும் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்."

"நியாயத்தைச் சொல்லுங்கக்கா" என்று தலைவியிடம் திரும்பினாள் தைசியா.

க்ளாவ்தியா வாயைத் திறப்பதற்குள் யெஃபீம் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"நீயே வச்சுக்கம்மா. வெள்ளிக்கிழமை மறக்காம யாரையாவது அனுப்பி வை. மாத்திரை தீர்ந்துடும்."

தைசியா சாவியை எடுத்துக்கொண்டாள். ஜெயித்துவிட்டாலும் கோபம் இன்னும் அடங்கவில்லை.

வாசல்வரை போன யெஃபீம் தயங்கி நின்றார்.

"இன்னொண்ணு. போறப்பல்லாம் அவர் என்கிட்ட ஒரே கேள்விதான் கேப்பார். 'எம் பொண்ணு தைசியா நல்லா இருக்காளா?'ன்னு. இனிமே அதுக்கும் நீயே பதில் சொல்லிடு."