ஈரச் சிமெண்ட்

புதிதாகக் கட்டிய இருபது வீடுகளுக்கும் சாலைக்கும் நடுவே வாய்க்கால் ஓடியது. பாலம் ஊராட்சியின் செலவு என்றார் வீடுகளை விற்றவர். விற்றவர் செலவு என்றது ஊராட்சி. ஒருநாள் விடிந்தபோது யாரோ கட்டிய பாலம் அங்கே இருந்தது. "மொதல்ல கால் வைக்கிறவங்க தலையிலதான் மொத்தச் செலவையும் கட்டுவானுங்க," என்றார் அல்லியின் எதிர்வீட்டுச் செங்குட்டுவன். அன்று காலை எல்லோரும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கியே வேலைக்குப் போனார்கள். காய்ச்சலில் கொதித்த மகளைத் தூக்கிக்கொண்டு அல்லி மட்டும், ஆளில்லாத நேரத்தில், வெறுங்காலோடு, ஈரம் காயாத பாலத்தில் ஓடினாள். மாலையில் திரும்பியபோது சிமெண்ட் இறுகியிருந்தது. பாலம் முழுக்க ஆட்கள். அதில் பதிந்திருந்த பாதத் தடத்தில் ஒவ்வொருவராகக் காலை வைத்துப் பார்த்தார்கள். "எனக்குச் சேரல, பாத்துக்குங்க," என்று சிரித்தார் செங்குட்டுவன். "நீயும் வச்சுடும்மா." அல்லி விரல்களை மடக்கிக்கொண்டு காலை வைத்தாள்.