வாத்துகள் போன பிறகு

தேவசகாயத்துக்குச் சந்தேகம் வந்ததே வாத்துகளால்தான்.

குளிருக்குச் செம்மண்டலம் பக்கத்து ஏரிக்கு வந்த வாத்துகள், பங்குனி வெயில் ஏறியதும் வடக்கே கிளம்பிவிட்டன. பல வருஷமாகப் பறவை பார்க்கிற அவருக்கு அது தெரியும். அப்புறமும் இந்த ஞானசேகரன் தினமும் காலையில் பைனாகுலரும் கையுமாகக் கரையில் நிற்பானேன்?

“என்ன சார் பாக்குறீங்க?”

“நாமக்கோழி சார்.” ஞானசேகரன் திரும்பவே இல்லை.

பைனாகுலர் தண்ணீர்ப் பக்கமே இல்லை. எதிர்க்கரை வீட்டு மொட்டைமாடியில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

தேவசகாயத்துக்கு ரத்தம் கொதித்தது. “இந்த வயசுல இதெல்லாம் தேவையா? உங்களால பறவை பாக்குற எங்க பேரும் இல்ல கெடுது!”

வாக்கிங் வந்தவர்கள் கூடிவிட்டார்கள். அடுத்தவர் விஷயத்தில் நியாயம் கேட்க யாருக்குத்தான் நேரமில்லை?

“அந்தப் பொண்ணுகிட்டயே மன்னிப்புக் கேக்கட்டும்!”

சட்டையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். அந்த வீட்டு வாசலில் ஞானசேகரன் முரண்டு பிடித்தார்.

“இங்க மட்டும் வேணாங்க.”

“மாட்டிக்கிட்டா வேணாமா? ஏறுய்யா!” யாரோ தள்ள, படியேறி நின்றார்.

கைக்குழந்தையோடு கதவைத் திறந்தாள் அந்தப் பெண். அவர் தலை நிமிரவில்லை.

“தெனம் உங்க மாடியவே பாக்குறாரும்மா. போலீஸ்ல சொல்லிடலாமா?”

“வேணாங்க. பறவை பாக்க வர்றவரு. நானும் தெனம் பாத்துட்டுதான் இருக்கேன்.” குழந்தையை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தாள். “அவருக்கு பிரஷர் இருக்கு. வெயில்ல நிக்க வெக்காதீங்க.”

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கூட்டம் சப்பென்று கலைந்தது. தேவசகாயம் மட்டும் அவரோடு ஏரிக்கரைக்குத் திரும்பி நடந்தார்.

“பிரஷர் இருக்குன்னு அவுங்களுக்கு எப்படி சார்...”

“என் பொண்ணு சார். வெண்மதி. ரிஸ்வானக் கட்டிக்கிட்டப்ப, செத்தாலும் உன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு கத்திட்டு வந்தேன்.”

தேவசகாயம் கூனிக் குறுகிப் போனார். “மன்னிச்சிடுங்க சார். தெரியாம...”

“நீங்க நல்லதுதான் செஞ்சீங்க. நாளைக்குக் குடும்பத்தோட துபாய் போறாங்களாம். நானா ஏறாத படியில நீங்க ஏத்தி விட்டீங்க. கைய நீட்டுனா பேத்தியத் தொட்டிருக்கலாம்.”

கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றினார் ஞானசேகரன்.

“அப்பவும் எனக்கு ‘அம்மாடி’ன்னு ஒரு வார்த்தை வாயில வரல சார்.”